சூடு உடம்பில் இல்லை!

"டாக்டர், உடம்பெல்லாம் ஒரே சூடு. சூட்டைத் தணிக்க ஏதாவது பொடி குடுங்களேன்!"

சித்திரை பிறந்துவிட்டால் போதும், கோவளத்தில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, வேனல் கட்டி, தூக்கமின்மை, மூலம்... எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'சூடு'! நானும் முப்பது வருஷமாக நன்னாரி, வெட்டிவேர், சந்தனம், நீர்முள்ளி என்று சலிக்காமல் கொடுத்து வருகிறேன். குளிர்ச்சி மருந்துக்குச் சித்த வைத்தியத்தில் பஞ்சமா என்ன?

ஆனால் சில வருஷங்களாக மனதில் ஓர் உறுத்தல். இவர்கள் சொல்கிற சூடு உண்மையிலேயே உடம்புக்குள்தான் இருக்கிறதா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவர். முதலில் அவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மகளை இங்கே கோவளத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் என்னிடமும் ஒரு நடை வந்துவிட்டுப் போவார். "நீர் சுருக்குன்னு போகுதுங்க ஐயா, கொஞ்சமாத்தான் போகுது, மஞ்சளா போகுது" என்பார். நாடி பார்த்தேன், நீர்முள்ளிக் குடிநீர் கொடுத்தேன், குணமாகிப் போனார். அடுத்த கோடையில் அதே தொந்தரவு, அதே மருந்து, மறுபடி குணம். மூன்றாவது கோடையில் முகம் லேசாக ஊதியிருந்தது. காலை அமுக்கிப் பார்த்தால் குழி விழுந்தது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிரியேட்டினின் 2.4! ஆண்களுக்கு 1.3க்கு மேல் போனாலே யோசிக்க வேண்டிய அளவு அது. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, குடும்பத்தில் யாருக்கும் சிறுநீரக நோய் கிடையாது. பின் எப்படி?

விசாரித்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. விடியற்காலை நாலு மணிக்குப் பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறும் வரை உப்பு வாருவார். அந்த நேரம் முழுக்க ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சாயங்காலம் உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் இரண்டு வலி மாத்திரை. வருஷத்தில் எட்டு மாதம் இப்படித்தான். வியர்வையில் நீர் வற்றிப்போன சிறுநீரகத்துக்கு வலி மாத்திரை என்பது காய்ந்து கிடக்கும் வயலில் உப்பைக் கொட்டுகிற மாதிரி. இரண்டு கோடையிலும் நான் கொடுத்த குடிநீர் நீர்க்கடுப்பை அடக்கியது. நோய் உள்ளே நடந்துகொண்டிருந்தது. முதல் கோடையிலேயே ரத்தத்தைப் பார்க்காதது என் தவறுதான். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத் திறன் குறைந்திருந்தது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் இதே கதைதான். சர்க்கரையும் பிரஷரும் இல்லாத இளவயது ஆண்கள் சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் இறந்திருக்கிறார்கள். பூச்சிமருந்தா, தண்ணீரா, வெயிலா என்று முதலில் வாதம் நடந்தது. இப்போது வெயிலும் கடும் உழைப்பும் பிரதான காரணங்கள் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

"நாம என்ன உப்பளத்துக்கா போறோம்?" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஜன்னல் இல்லாத சமையலறையும் ஓர் உப்பளம்தான்!

வியர்வை காயாத ஊர்

நம் உடம்பு ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு எழுபது, எண்பது கிலோ கலோரி சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேலை செய்தால் அது பல மடங்கு. இந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு வெளியேறும். 'ஆவியானால்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வியர்வை வழிந்து புடவையை நனைத்தால் பிரயோஜனம் இல்லை. காய வேண்டும்.

கடற்கரையில் அதுதானே நடப்பதில்லை? காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. ஈரத் துணியின் மேல் இன்னொரு ஈரத் துணியைப் போட்டுக் காயவைக்க முடியுமா? வெப்பமானி 34 டிகிரி செல்ஷியஸ் காட்டுகிறது என்று வையுங்கள். ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் உடம்புக்கும் அது ஏறக்குறைய 34 ஆகவே தெரியும். ஈரப்பதம் 75 என்றால் 45 டிகிரிக்கு மேல் இருப்பது போல உடம்பு தவிக்கும். வேலூர்க்காரர் கோவளத்துக்கு வந்து, "உங்க ஊர்ல வெயில் கம்மிதான், ஆனா ஏன் இப்படிப் புழுங்குது?" என்று கேட்பது இதனால்தான். டி.வி.யில் சொல்லும் டிகிரியை மட்டும் பார்த்துக் கடற்கரைவாசிகள் ஏமாறக் கூடாது.

ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியசாலியும் சில மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளவயதினரை வைத்துப் பரிசோதித்தார்கள். ஈரமான சூட்டில் 31 டிகிரிக்கு அருகிலேயே உடம்பு கையை விரித்துவிட்டது! இருபது வயதுக்காரருக்கே இப்படி என்றால் எழுபது வயது மாமியாருக்கு?

நம் ஊரைக் காப்பாற்றி வந்தது கடற்காற்று. மதியம் கடலிலிருந்து அது வந்துவிட்டால் வெயில் அடங்கிவிடும். மேல்காற்று பலமாக இருந்து கடற்காற்றைத் தடுக்கும் நாட்களில்தான் ஆபத்து. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதே, நினைவிருக்கிறதா? ஆனால் இப்போது அந்தக் கடலே சூடேறி வருகிறது. மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை இந்தியப் பெருங்கடலின் வெப்பப் பகுதியில் மேல்நீர் சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. கடல் சூடானால் காற்றில் ஈரம் கூடும். ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிகத் தண்ணீரைச் சுமக்கும். அதாவது புழுக்கமும் கூடும், பெய்தால் பேய்மழையும் கூடும்.

இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் பட்ட சூட்டை உடம்பு ஆற்றிக்கொள்வது இரவுத் தூக்கத்தில்தான். மே மாதத்தில் இந்தக் கரையோரம் பல இரவுகள் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் மொட்டைமாடி நடுநிசி வரை அதைக் கக்குகிறது. இதயம் இரவிலும் ஓவர்டைம் பார்க்கிறது. காலையில் எழுந்தவுடன், "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர்" என்றால் அதற்கு நான் என்ன பொடியைக் கொடுக்க?

இந்த உஷ்ணம் எங்கிருந்து வந்தது?

சித்த வைத்தியனுக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். பஸ்பம் செய்யப் புடம் போடுவோம். மருந்தை அகலில் வைத்து மூடி, சீலைமண் செய்து, குழியில் எருவட்டி அடுக்கித் தீயிடுவோம். ஓர் எருவுக்கு ஒரு வேகம், நூற்றுக்கணக்கில் அடுக்கினால் வேறு வேகம். தீ அணைந்த பிறகும் குழி உடனே ஆறாது. கையை விட்டால் வெந்துபோகும். தானாக ஆறும் வரை காத்திருந்துதான் எடுக்க வேண்டும்.

பூமிக்கும் இப்போது அப்படி ஒரு புடம் போட்டிருக்கிறோம். சூரிய ஒளி பூமியைச் சூடாக்குகிறது. பூமி அந்தச் சூட்டைத் திருப்பி ஆகாயத்துக்கு அனுப்புகிறது. போகிற வழியில் கரியமில வாயு, மீத்தேன், நீராவி முதலியவை அதில் ஒரு பகுதியைப் பிடித்து நிறுத்துகின்றன. இது கெட்டதல்ல. இந்த மூடாக்கு இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். நாமெல்லாம் இருக்க மாட்டோம். மருந்தைப் போலத்தான். அளவு மீறினால் விஷம்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், சிமென்ட் சூளை, காடழிப்பு... இவைதான் எருவட்டிகள். 2024-ஆம் வருஷம் இதுவரை அளந்ததிலேயே மிகச் சூடான வருஷம். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரை டிகிரி அதிகம். கூடுதல் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடல்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறது. வெளியேற்றிய கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும். இன்றைக்கே எல்லா அடுப்பையும் அணைத்தாலும் குழி உடனே ஆறாது என்று சொன்னேனே, அதுதான் இது.

எருவட்டி அடுக்கியது யார் என்ற நியாயத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? ஓர் இந்தியர் சராசரியாக வருஷத்துக்கு 2 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேற்றுகிறார். அமெரிக்கர் சுமார் 14 டன். மரக்காணத்து உப்பளக்காரரின் கணக்கை எழுதினால் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிகூட வராது. சிறுநீரகம் போனது அவருக்கு! ஆனால் 'அமெரிக்காக்காரன்தான் காரணம்' என்று சொல்லி ஈ.சி.ஆர். பங்களாவில் நாலு ஏசி ஓட்டுகிறவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். சென்னைக்கு அது அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. ஒரு குவளைத் தண்ணீருக்கும் ஒரு துளி கரி எரிகிறது.

பஞ்சாங்கம் மாறிப்போச்சா?

பாளையங்கோட்டையில் நாங்கள் படிக்கும்போது காலவொழுக்கம் ஒரு முக்கியமான பாடம். ஆறு பெரும்பொழுதுகள், ஒவ்வொன்றிலும் வாத, பித்த, கபம் எப்படிக் கூடும், எப்படித் தணியும் என்று மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். ஆனி, ஆடி முதுவேனில். ஆவணி, புரட்டாசி கார்காலம். முதுவேனிலில் வாதம் தன்னிலையில் வளரும். காரில் பித்தம் வளர ஆரம்பிக்கும். மருந்து, உணவு, எண்ணெய்க் குளியல் எல்லாம் இதை அனுசரித்துத்தான்.

பாடம் பொய்யில்லை. ஆனால் பருவம் அந்தப் பாடப்படி நடக்கவில்லை. முன்பெல்லாம் ஆடியோடு என் வைத்தியசாலையில் 'சூட்டு' நோயாளிகள் குறைந்துவிடுவார்கள். இப்போது புரட்டாசியிலும் வருகிறார்கள். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசி மாதம். மெரினாவில் விமான சாகசம் பார்க்க லட்சக்கணக்கில் கூடிய கூட்டத்தில் வெயில் தாங்காமல் பலர் மயங்கினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கத்திரி முடிந்து நாலு மாதம் ஆன பிறகு! ஒரு நாள் ஜுரத்தை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. அந்த ஒரு நாளைப் பூமி சூடேற்றத்தின் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். ஆனால் கோடை முடிந்தால் வெயிலின் அபாயமும் முடிந்தது என்று நாம் அசட்டையாக இருக்கிறோமே, அது தப்பு. அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் உண்டு என்பது பலருக்கும் தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கு ஆபத்து?

முதலில் சமைக்கிற பெண்மணிக்கு. பதினோரு மணிக்கு மேல் அடுப்படியில் நிற்பதைத் தவிருங்கள். சமையலைக் காலை ஒன்பதுக்குள் முடித்தால் குடி முழுகிப் போகாது. "சுடச்சுட இருந்தாத்தான் இறங்கும்" என்கிற கணவன்மார் ஒரு நாள் மே மாதத்தில் தோசை ஊற்றிப் பார்க்கட்டும்!

அடுத்து கர்ப்பிணிகள். அதே ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்ட முடிவு இது: கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மசக்கை, சோர்வு என்று சொல்லி வெயில் வேலையில் விட்டுவிடாதீர்கள்.

வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. கேட்டால், "வேண்டாம்ப்பா" என்பார்கள். கேட்காதீர்கள், இரண்டு மணிக்கொரு தடவை டம்ளரைக் கையில் கொடுத்துவிடுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் அளவு மாற்ற வேண்டுமா என்று தங்கள் டாக்டரைக் கேட்பது நல்லது. தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இதய, சிறுநீரக நோயாளிகள் தண்ணீரின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, உங்கள் பள்ளிக்கூடப் பெண் குழந்தை. சாயங்காலம் அவளுடைய வாட்டர் பாட்டிலைத் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருக்கும். ஏன்? பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் குடிப்பதே இல்லை. பத்து வயதில் ஆரம்பிக்கும் இந்தப் பழக்கம் கல்லூரி, ஆபீஸ் என்று தொடர்கிறது. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. மஞ்சள் கறுத்தால் தண்ணீர் போதவில்லை என்று அவளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

குடிப்பதற்கு எது நல்லது? உப்புப் போட்ட நீர்மோர், பானைத் தண்ணீர், நுங்கு, இளநீர், வீட்டில் காய்ச்சிய நன்னாரி. பாட்டில் குளிர்பானம் வேண்டாம். எண்ணெய்க் குளியல் நல்லதுதான். குளித்துவிட்டு வெயிலில் அலைந்தால் பலனில்லை. தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அதை வைத்துவிட்டு மொட்டைவெயிலில் கிரிக்கெட் கோச்சிங்குக்கு அனுப்பாதீர்கள்!

ஒரு விஷயத்தில் மட்டும் என் போன்ற வைத்தியர்களிடம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வெயிலில் இருந்தவர் உளறினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வெப்ப மயக்கமல்ல, வெப்பத் தாக்கு. உடம்பு 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் கொதிக்கும். உடனே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த துணி வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நீர்மோராக இருந்தாலும்! பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 26 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியை ஓட்டினால் போதும். "கேஸ் தீர்ந்துபோச்சு, நிரப்பணும்" என்று மெக்கானிக் சொன்னால், முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். கேஸ் தானாகத் தீராது, கசிந்துதான் போகும். பழைய ஏசிகளில் இருக்கும் வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்க வல்லது. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது ஏசியைவிட மலிவு. கீழே இருக்கும் அறை சில டிகிரியாவது குறையும்.

உப்பளக்காரரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். டயாலிசிஸ் வரை போகவில்லை. ஆனால் போன திறன் திரும்பவும் இல்லை. பாத்தி வேலையை விட்டுவிட்டு இப்போது ஒரு பங்களாவில் வாட்ச்மேனாக இருக்கிறார். வீட்டுச் செலவுக்கு அவர் மனைவி உப்பளத்துக்குப் போகிறார். போன மாசி மாதம் மகளோடு வந்திருந்தார். "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கங்க ஐயா... அந்த வெட்டவெளியில ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. வீட்டுக்கு வந்துதான் குடிப்பேன்."

அவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். கிரியேட்டினின் 1.1. பெண்களுக்கு அது விளிம்பு. கத்திரி முடிந்ததும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.